முதல் மடக்கு டீ

அன்புள்ள பாப்பாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். நீ இங்கிலாந்துக்கு வருவது உறுதியாகிவிட்டது என்று உன் அம்மா சொன்னாள். அங்கே ஐ.சி.யு.வில் வென்டிலேட்டர் பார்த்தவள் நீ. இங்கே வந்த புதிதில் கைநரம்பில் வென்ஃப்ளான் ஊசி போடக்கூட உன்னை விடமாட்டார்கள். ஆஸ்கி தேர்வில் தேறி, என்.எம்.சி. என்ற நர்சிங் கவுன்சிலின் பதிவு கைக்கு வந்தாலும், அந்தந்த மருத்துவமனை தனியாகப் பயிற்சி கொடுத்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதெல்லாம். அதுவரை குளிப்பாட்டு, துணி மாற்று, ஊட்டிவிடு, கமோடில் உட்கார வை. நம் ஊரில் இதைக் கூட இருக்கும் மகளோ மருமகளோ செய்துவிடுவாள், இல்லையென்றால் ஆயாம்மா. இங்கே சொந்தக்காரர்கள் பார்வை நேரத்துக்கு வந்துவிட்டுப் போவார்கள். மற்றதெல்லாம் நாமும் ஹெல்த்கேர் அசிஸ்டென்ட்டும்தான். "இதுக்கா பி.எஸ்சி. நர்சிங் படிச்சேன்?" என்று உனக்குத் தோன்றும். எனக்கு வார்டில் வாய்த்த சந்தோஷங்களில் பெரும்பாலானவை இந்த வேலைக்குள் இருந்துதான் வந்தன. அதனால்தான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

பக்கவாத வார்டையே எடுத்துக்கொள். பக்கவாதத்தோடு வருகிறவருக்கு, விழுங்க முடிகிறதா என்று பார்க்கும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தரக் கூடாது. வந்த 4 மணி நேரத்துக்குள் அதைப் பார்த்தாக வேண்டும். தேறாதவருக்கு மூக்கு வழியே குழாய். பிறகு பேச்சு சிகிச்சையாளர் சொல்வதைப் பொறுத்து, பவுடர் கலந்து கெட்டியாக்கிய பானம். தண்ணீர் வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும், அப்புறம் நிமோனியா என்பதெல்லாம் நீ படித்ததுதான். கெட்டி டீயை வாயில் வைத்ததும் ஒரு வெள்ளைக்காரத் தாத்தாவின் முகம் போகும் போக்கு எந்தப் புத்தகத்திலும் இல்லை. பஸ் ஓட்டிக்கொண்டிருந்தவர் ஒருவர் அதை வாரக்கணக்கில் சகித்தார். ஒருநாள் சாதாரண டீ கொடுக்கலாம் என்று எழுதிவிட்டார்கள். நிமிர்த்தி உட்கார வைத்து ஒரு மடக்கு கொடுத்தேன். விழுங்கினார். இருமல் வருமோ என்று நான் மட்டுமல்ல, எதிர்க் கட்டில்களில் இருந்தவர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வரவில்லை. "சர்க்கரை பத்தாது" என்றார், குழறலாக. அந்தப் பக்கத்துக் கட்டில்கள் அத்தனையும் சிரித்தன. அன்று கால்வலி எனக்கு இல்லவே இல்லை என்றால் நம்பமாட்டாய்.

வயிற்று அறுவை வார்டில் கணக்கே வேறு. கத்தி பட்ட குடல் சில நாள் அசையாமல் கிடக்கும். அது வேலைக்குத் திரும்பிவிட்டது என்பதற்கு ஒரு நல்ல அறிகுறி, காற்றுப் பிரிவது. கோட்டும் டையுமாக வந்து அட்மிட் ஆன பெரிய மனிதர், திரையை விலக்கி, "சிஸ்டர், போய்விட்டது!" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி அறிவிப்பார். ரவுண்ட்ஸ் வரும் சர்ஜனுக்கும் அதே பூரிப்பு. சிரிக்காமல் சார்ட்டில் எழுதப் பழகிக்கொள்.

பலருடைய சட்டையில் 'ஹலோ மை நேம் இஸ்' என்று பேட்ஜ் பார்ப்பாய். கேட் கிரேஞ்சர் என்ற டாக்டர், முதியோர் மருத்துவம் பார்த்தவர், தானே புற்றுநோயோடு படுத்திருந்தபோது, தன்னைப் பார்க்க வருகிறவர்கள் பெயரைக்கூடச் சொல்லாமல் வேலையைத் தொடங்குகிறார்கள் என்று கண்டு, 2013இல் ஆரம்பித்தது அது. 2016இல் இறந்துவிட்டார். நீயும் பெயரைச் சொல்லித் தொடங்கு. அவர்கள் வாயில் உன் பெயர் என்ன பாடுபட்டாலும் சுருக்கிக் கொடுக்காதே. டிமென்ஷியா வந்த ஒரு பாட்டி என் பெயரைத் தினமும் புதிதாகக் கற்றுக்கொண்டு, தினமும் அதே பெருமையோடு சொல்லிக் காட்டுவார்.

டிமென்ஷியா வந்தவர்களில் கிள்ளுகிறவர்களும் உண்டு, அது நோய், விட்டுவிடு. நிறத்தைச் சொல்லித் திட்டுகிறவர்களும் உண்டு. அதை விழுங்குவது சேவை இல்லை. வார்டு மேனேஜரிடம் சொல், எழுத்திலும் கொடு. வேலையில் சந்தோஷம் இருக்கிறது என்பதற்காக, சம்பளம் குறைந்தாலும் பரவாயில்லை என்று யாராவது சொன்னால் தலையாட்டாதே. 2020இல், கொரோனா காலத்தில், இந்த ஊர் வியாழக்கிழமைதோறும் வாசலில் நின்று நமக்குக் கைதட்டியது. அப்படியும் 2022 டிசம்பரில் நர்சுகள் சம்பளத்துக்காக வேலைநிறுத்தம் செய்ய வேண்டிவந்தது. யூனியனில் சேர்ந்துவிடு.

இன்னொன்று. அந்த முதல் மடக்கு டீ மாதிரியான நாட்களில் கை போனைத் தேடும். நோயாளி முகம், கட்டில் எண், டீ கோப்பைகூட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வரக் கூடாது, பதிவே பறிபோகலாம். சொல்லியே ஆக வேண்டும் போலிருந்தால் பெயரில்லாமல் எனக்குச் சொல்.

ஆனால் நைட் டியூட்டி முடிந்த கையோடு கூப்பிடாதே. பன்னிரண்டு மணி நேரம் நின்ற உடம்பு, ஊருக்கே திரும்பிவிடலாம் என்றுதான் சொல்லும். சாப்பிட்டு, திரையை இழுத்துவிட்டுத் தூங்கு. சாயங்காலம் கூப்பிடு. எனக்குப் பகல் டியூட்டி என்றால் எட்டு மணிக்கு மேல்.

உன்
பெரியம்மா