இரத்த அழுத்தமும் உடற்பயிற்சியும்: பயிற்றுநர்களின் தவறான எண்ணங்கள்

உடற்பயிற்சிக் கூடத்தில் பன்னிரண்டு ஆண்டுகள் பயிற்றுநராக இருந்தவன் நான். "எனக்குப் பிரஷர் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் போதும், எடைக்கருவிகளின் பக்கமே அவரை விடமாட்டேன். டிரெட்மில்லில் நடக்கச் சொல்லிவிட்டு, பாதுகாப்பாகத்தான் நடந்துகொண்டேன் என்று நிம்மதி அடைவேன். என் சக பயிற்றுநர்கள் பலரும் அப்படித்தான்.

ஒருநாள் 58 வயதுப் பெரியவர் ஒருவர் வந்தார். 220இலிருந்து வயதைக் கழித்தால் 162. அதில் 80 விழுக்காடு, அதாவது 130 வரை நாடித் துடிப்பு உயர வேண்டும் என்று கணக்கிட்டேன். அவருக்கோ 105ஐத் தாண்டவில்லை. "இன்னும் வேகமாக நடங்கள், ஐயா" என்று விரட்டினேன். அவர் களைத்துப் போய்ச் சட்டென்று இறங்கினார். தலை சுற்றி என் மேலேயே சாய்ந்துவிட்டார்.

அவர் உட்கொண்டது அட்டெனலோல். இதயத் துடிப்பை மட்டுப்படுத்துவதே அம்மருந்தின் வேலை. அத்தகைய மருந்து உண்பவருக்கு வயதுக் கணக்கு பொருந்தாது. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அந்த அளவு வேகமே அவருக்குப் போதும். நடையைத் திடீரென நிறுத்தினால் இரத்தம் கால்களில் தேங்கிவிடும். ஆகவே கடைசி ஐந்து, பத்து நிமிடங்கள் மெல்ல நடந்தே முடிக்க வேண்டும். நான் இரண்டிலும் தவறினேன். என்ன மருந்து உண்கிறீர்கள் என்று அவரை நான் கேட்கவே இல்லை.

நடக்கும்போது மேல் அளவு உயர்வது இயல்பே; கீழ் அளவு அநேகமாக மாறாது. பயிற்சி முடிந்து பல மணி நேரம் அழுத்தம் தாழ்ந்தே இருக்கும். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தொடர்ந்து செய்துவந்தால் மேல் அளவு சராசரியாக 5 முதல் 8 மில்லிமீட்டர் குறைகிறது.

எடை தூக்குவது பற்றிய அச்சத்துக்கும் காரணம் உண்டு. 1985இல் வெளிவந்த கனடா ஆய்வொன்றில், உடற்கட்டு வீரர்கள் இரு கால்களாலும் பெரும் பாரத்தை உந்தியபோது சராசரி அழுத்தம் 320/250 வரை ஏறியது. ஆனால் அவர்கள் இனி முடியாது என்னும் வரை, மூச்சை அடக்கிக்கொண்டு உந்தியவர்கள். மிதமான எடையை, தூக்கும்போது மூச்சை வெளியே விட்டுத் தூக்குவது வேறு. பத்துமலையின் 272 படிகளை ஏறும் பெரியவர்களை நாம் தடுப்பதில்லை. இரண்டு கிலோ எடையைக் கண்டால்தான் நமக்குப் பயம்!

உண்மையில் தடுக்க வேண்டிய நேரமும் உண்டு. ஓய்வில் இருக்கும்போதே மேல் அளவு 200ஐயோ கீழ் அளவு 110ஐயோ தாண்டினால் அன்று பயிற்சி வேண்டாம், மருத்துவரிடம் அனுப்புங்கள். நெஞ்சு வலித்தாலும் அப்படியே.

அந்தப் பெரியவர் மருத்துவரைக் கேட்டுவிட்டு மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன். இப்போது பேரன் கதைகளைச் சொல்லிக்கொண்டே நடக்கிறார்; கதை நின்றால் நான் வேகத்தைக் குறைத்துவிடுகிறேன்.