பல் கிளிப்பும் வாய்ப்புண்ணும்: வகுப்பறையில் நாம் செய்யக்கூடியவை

வரிசை தவறிய பற்களைச் சீராக்கக் கிளிப் அணியும் மாணவர்கள் இன்று நம் வகுப்புகளிலும் இருக்கிறார்கள். கிளிப் போட்ட முதல் சில நாள்களிலும், மருத்துவர் கம்பியை இறுக்கிய பிறகும், அது உரசி உதட்டின் உட்புறத்திலும் கன்னத்திலும் புண் வரலாம். பல பிள்ளைகள் வலியை வெளியே சொல்வதில்லை. சத்தமாக வாசிக்க மறுப்பார்கள். மதிய உணவை மிச்சம் வைப்பார்கள். என் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் மௌனத்தைச் சக மாணவர்கள் பிடிவாதம் என்றே நினைத்தார்கள்.

நாம் செய்யக்கூடியவை:

1. ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீரில் அரை தேக்கரண்டி உப்பு கரைத்து, சாப்பிட்டபின் வாய் கொப்பளிக்கச் சொல்லலாம். விழுங்கக் கூடாது.

2. பல் மருத்துவர் தரும் மெழுகைச் சிறிது உருட்டி, உரசும் கம்பியின்மேல் மாணவரே ஒட்டிக்கொள்ளலாம்.

3. காரம், புளிப்பு, முறுக்கு, கடலை மிட்டாய் தவிர்த்து, தயிர் சாதம், இட்லி போன்றவற்றை உண்ணலாம்.

4. வலித்தாலும் பல் துலக்குவதை நிறுத்தக் கூடாது.

5. நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியை நாம் வெட்டவோ வளைக்கவோ கூடாது. மருத்துவரே சரிசெய்ய வேண்டும்.

முகவீக்கமோ காய்ச்சலோ இருந்தால் அன்றே பெற்றோருக்குத் தெரிவிக்க வேண்டும். இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணையும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதுவரை அம்மாணவரின் வாய்மொழித் தேர்வைத் தள்ளிவைப்பது நம் கையில்தான் இருக்கிறது.