துள்ளுற நாய்க்கு எந்த வகுப்பு? சேர்ப்பதற்கு முன் நேரில் போய்ப் பாருங்க

குட்டியாக இருக்கும்போது காலையே சுற்றிக்கொண்டு திரிந்த நாய், எட்டு மாதம் ஆனதும் யார் பேச்சையும் கேட்காது. கூப்பிட்டால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் ஓடும். செயினைப் பிடித்தால், நாம் அதை நடைக்குக் கூட்டிப்போகிறோமா, அது நம்மை இழுத்துப்போகிறதா என்றே தெரியாது. "சின்னதா இருந்தப்ப எவ்வளவு சமத்தா இருந்துச்சு!" நாய் வளர்க்கிற வீடுகளில் அடிக்கடி கேட்கிற புலம்பல் இது.

நாய் கெட்டுப்போகவில்லை. ஏறக்குறைய ஆறாவது மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை நாய்க்கு விடலைப் பருவம். உடம்பு வளர்ந்துவிடும், நிதானம் இன்னும் வந்திருக்காது. தெருவில், கோயில் வாசலில் விடப்படுகிற வளர்ப்பு நாய்களைப் பாருங்க, நிறைய நாய்கள் இந்த வயதில்தான் இருக்கும். வகுப்பு தேட வேண்டிய நேரமும் இதுதான்.

எங்கள் வீட்டு மணி, சிப்பிப்பாறைக் கலப்பு. பத்து மாதத்தில் ஒரு நாள், எங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டில் பூனையைப் பார்த்து இழுத்தான். செயினைப் பிடித்திருந்த அம்மா மூன்று படி சறுக்கி, மணிக்கட்டு எலும்பு முறிந்துபோனது. ஆறு வாரம் மாவுக்கட்டு. "நாயை ஊருக்கு அனுப்பிடு, இல்லன்னா நான் அனுப்பிடுவேன்" என்றார் அண்ணன். அம்மா மட்டும், "அது என்ன செய்யும், பாவம். பூனையைப் பார்த்துச்சு" என்றார். அந்த வாரம்தான் போனை எடுத்துத் தேட ஆரம்பித்தேன். தப்பான இடத்தில் ஆரம்பித்தேன்.

வரைபட ஆப்பில் முதலில் வந்த நம்பருக்கு அடித்தேன். "இருபது நாள், முழு கியாரண்டி" என்றார்கள். நான் ஆபீஸில் இருக்கும் பகல் நேரத்தில் ஒருவர் வந்து, கழுத்தை இறுக்கும் சங்கிலியைப் போட்டு மொட்டை மாடியில் பயிற்சி கொடுப்பார். இரண்டு வாரத்தில் மணி அவர் முன்னால் சிலை மாதிரி உட்கார்ந்தான். அவர் கேட்டைத் தாண்டியதும் பழைய மணிதான். கூடவே ஒரு புதுப் பழக்கம்: வீட்டில் யாராவது தலையைச் சொறிய கையைத் தூக்கினால்கூட, தரையோடு தரையாகப் பதுங்கினான். பாதிப் பணத்தை விட்டுவிட்டு நிறுத்திவிட்டேன்.

அதில் புரிந்த விஷயம் ஒன்றுதான். நாய் யாரிடம் கற்றுக்கொள்கிறதோ, அவர் பேச்சைத்தான் கேட்கும். ஆகவே நல்ல வகுப்பில் டிரெய்னர் சொல்லிக்கொடுப்பது முக்கியமாக உங்களுக்கு. செயின் உங்கள் கையில் இருக்க வேண்டும். "நீங்க வர வேண்டாம், நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்கிற இடம் வசதியாகத் தோன்றும், ஆனால் பலன் வீடு வரை வராது. நாயை ஒரு மாதம் கெனலில் விட்டுவிட்டு வரும் முறைக்கும் இதே குறைதான். அங்கே கதவு மூடியபிறகு என்ன நடக்கிறது என்பதும் நமக்குத் தெரியாது.

எந்த வகை வகுப்பு?

மூன்று வாரத்திலிருந்து பதினான்கு வாரம் வரை, நாய்க்குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம். குடை, ஆட்டோ, குக்கர் விசில், குழந்தைகள் என எதையெல்லாம் அப்போது பயமில்லாமல் பார்க்கிறதோ, அதையெல்லாம் பிறகும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். அந்த வயதுக் குட்டி உங்களிடம் இருந்தால் குட்டிகளுக்கான வகுப்பு. ஆனால் பார்வோ வைரஸ் பயம் உண்டு. எத்தனை தடுப்பூசி ஆனபிறகு சேர்க்கலாம் என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விடலைப் பருவத்துத் துள்ளல் நாய்க்குப் பெரும்பாலும் பொருத்தமானது, சிறு குழுவாக நடக்கும் அடிப்படைக் கீழ்ப்படிதல் வகுப்பு. உட்கார், படு, அங்கேயே இரு, கூப்பிட்டால் வா, இழுக்காமல் பக்கத்தில் நட. இவ்வளவுதான் பாடம். இதையெல்லாம் வீட்டு ஹாலில் எந்த நாயும் செய்துவிடும். மற்ற நாய்கள் பக்கத்தில் இருக்கும்போது செய்வதுதான் கஷ்டம். அதற்குத்தான் குழு.

மற்ற நாயைக் கண்டாலே நடுங்குகிற அல்லது பாய்கிற நாய்க்கு முதலில் குழு வேண்டாம், தனி வகுப்புதான் சரி. யாரையாவது கடித்திருந்தால் டிரெய்னருக்கு முன்னால் மருத்துவரைப் பாருங்கள். காது வலியும் மூட்டு வலியும்கூட நாயைக் கடிக்க வைக்கும்.

"என் நாய்க்கு எனர்ஜி ஜாஸ்தி, தடை தாண்டுற பயிற்சியில சேக்கலாமா?" என்று கேட்பவர்கள் உண்டு. அது நல்ல விளையாட்டுதான், ஆனால் கொஞ்சம் பொறுங்கள். எலும்பு வளர்ச்சி முடியாத வயதில் உயரம் தாண்டவிட்டால் மூட்டு கெடும். பெரிய இனங்களில் வளர்ச்சி முடிய ஒன்றரை வருடம்கூட ஆகலாம். இன்னொரு விஷயம், தினமும் ஓடவைத்தே களைப்பாக்கலாம் என்று நினைத்தால், மூன்று மாதத்தில் உங்களிடம் இருப்பது இன்னும் நன்றாக ஓடக்கூடிய நாய்! தோட்டத்தில் தீனியை ஒளித்துவைத்து மூக்கால் தேடவிடுங்கள். பத்து நிமிடத் தேடலில் நாய் நன்றாகவே களைத்துப்போகும்.

நாய் இல்லாமல் முதலில் போங்க

பணம் கட்டும் முன் ஒரு வகுப்பை ஓரமாக நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அடுத்த நம்பரைப் பாருங்கள்.

அங்கே டிரெய்னரை விட்டுவிட்டு நாய்களைப் பாருங்கள். வால் காலுக்கு இடையில் போயிருக்கிறதா? காது பின்னால் ஒட்டியிருக்கிறதா? தூக்கமே இல்லாத இடத்தில் அடிக்கடி கொட்டாவி விடுகிறதா, சும்மா சும்மா உதட்டை நக்குகிறதா? இவையெல்லாம் நாயின் பதற்ற அடையாளங்கள். அமைதியாக உட்கார்ந்திருக்கும் நாய் எல்லாம் கற்றுக்கொண்ட நாய் இல்லை, பயந்த நாயும் அசையாமல்தான் உட்காரும். கழுத்தில் முள் பெல்ட்டோ ஷாக் பெல்ட்டோ இருந்தால் திரும்பிவிடுங்கள். ஒரு டிரெய்னரிடம் ஆறு, ஏழு நாய்க்கு மேல் இருந்தால் உங்கள் முறை வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். நிழல் இருக்கிறதா, தண்ணீர் இருக்கிறதா என்றும் கவனியுங்கள். நம்ம ஊர் வெயிலில் காலை எட்டு மணிக்குள் முடிகிற வகுப்புதான் நல்லது. புறங்கையைத் தார்ச்சாலையில் ஐந்து விநாடி வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

உங்களிடம் முதலில் தடுப்பூசி அட்டையைக் கேட்கிற இடம் நம்பத் தகுந்தது. நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இரண்டாவது முறை தேடியபோது, ஒரு பெண் டிரெய்னரிடம் அதைத்தான் கேட்டேன்.

"என் நாய் தப்பு பண்ணா நீங்க என்ன செய்வீங்க மேடம்?"

"தப்பு பண்ணிட்டா, நான்தான் அவசரப்பட்டுட்டேன்னு அர்த்தம் சார். பூனையைப் பார்த்து இழுக்கிறான்னு சொன்னீங்கல்ல? முதல்ல அம்பதடி தள்ளி நிப்போம். அங்க அவன் உங்களைத் திரும்பிப் பார்ப்பான். பார்த்ததும் ஒரு துண்டு சிக்கன். அப்புறம் நாப்பதடி. அவனால முடியாத தூரத்துக்குப் போக மாட்டோம்."

"எத்தனை நாள்ல சரியாகும்?"

"அதை உங்க வீட்டைப் பார்க்காம சொல்ல முடியாது சார். தினம் யார் அவனை நடத்திட்டுப் போறாங்க?"

கியாரண்டி தராத அந்தப் பதிலுக்காகவே சேர்ந்தேன்.

மாறாக, "ரெண்டு தட்டு தட்டினா அடங்கிடும்" என்று பதில் வந்தால், அது மோசமான பயிற்சி மட்டுமில்லை. விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம், 1960, பிரிவு 11-ன்படி, விலங்கை அடிப்பது, உதைப்பது, தேவையில்லாத வலி கொடுப்பது குற்றம். அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நீண்ட நேரம் கட்டிவைப்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. உரிமையாளர் செய்தாலும், அதை அனுமதித்தாலும் பொறுப்பு உண்டு.

வீட்டுப்பாடம்

வாரத்தில் ஒரு மணி நேர வகுப்பு நாயை மாற்றாது. தினம் மூன்று தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம் போதும். சொன்னதைச் செய்த ஒரு விநாடிக்குள் பரிசு வாய்க்குப் போக வேண்டும். தாமதமானால், உட்கார்ந்ததற்கா, எழுந்ததற்கா என்று நாய்க்கு விளங்காது. பரிசு நிலக்கடலைப் பருப்பு அளவு இருந்தால் போதும். உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழி நல்லது. சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூன்றும் நாய்க்கு விஷம், கொடுக்கவே கூடாது.

எங்கள் வீட்டில் பெரிய தகராறு வார்த்தையில்தான். நான் "கம்" என்பேன், அம்மா "இங்க வாடா தங்கம்" என்பார், அண்ணன் விசில் அடிப்பார். நாய் பாவம், மூன்று மொழி படித்தது. டிரெய்னர் ஒரே வார்த்தை வைக்கச் சொன்னார். எந்த மொழியானாலும் நாய்க்கு ஒன்றுதான். அம்மாவுக்கு வாயில் வருவது எதுவோ அதுதான் நிற்கும் என்பதால், "வாடா" என்று முடிவானது. கூப்பிட்டு வந்தபிறகு திட்டாதீர்கள், குளிப்பாட்டவும் இழுத்துப்போகாதீர்கள். இரண்டு தடவை அப்படிச் செய்தால் மூன்றாவது தடவை வராது.

உங்கள் போனை இங்கே நன்றாகப் பயன்படுத்தலாம். பயிற்சியை ஒரு நிமிடம் வீடியோ எடுத்து டிரெய்னருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மணிக்கு நான் பரிசு கொடுக்கும் கை ஒவ்வொரு முறையும் தாமதமாவதை அந்த வீடியோவில்தான் கண்டுபிடித்தோம்.

வகுப்பில் சேர்க்கும்போது ஆவணங்களையும் சரிசெய்துவிடுங்கள். ரேபிஸ் தடுப்பூசியை மூன்று மாத வயதில் போட்டு, பிறகு ஆண்டுதோறும் போட வேண்டும். பெருநகர சென்னை மாநகராட்சிப் பகுதியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் கட்டாயம். முகவரிச் சான்று, தடுப்பூசிச் சான்று, உரிமையாளர் படம், நாயின் படம் ஆகியவற்றுடன் மாநகராட்சி இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் 1913-க்குப் பேசுங்கள். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இவை வேட்டைக்காக வளர்க்கப்பட்ட நாய்கள். ஓடுகிற எதையும் கண் பார்த்ததும் கால் கிளம்பிவிடும். எவ்வளவு நல்ல வகுப்பானாலும், ரோட்டோரத்தில் செயினைக் கழற்றி "வாடா" என்று சோதித்துப் பார்க்காதீர்கள். மைதானத்தில் பத்து மீட்டர் கயிறு கட்டிப் பழக்குங்கள்.

மணிக்கு இப்போது ஒன்றே முக்கால் வயது. அணிலைக் கண்டால் இன்னும் உடம்பு விறைக்கும். ஆனால் படிக்கட்டின் முதல் படியில் தானாகவே உட்கார்ந்து, அம்மா இரண்டு படி இறங்கும்வரை காத்திருக்கிறான். அம்மா புடவை முந்தானையில் வறுத்த கடலை முடிந்து வைத்திருப்பது டிரெய்னருக்கு இன்னும் தெரியாது.