பாஸ்வேர்டு இல்லாத வைஃபை பொதுச் சொத்து அல்ல

"பாஸ்வேர்டு போடாம விட்டிருக்காங்கன்னா யார் வேணா யூஸ் பண்ணிக்கலாம்னுதானே சார் அர்த்தம்?" ரவுட்டர் பொருத்தப் போகிற அடுக்குமாடிகளில் இந்தக் கேள்வி காதில் விழாத நாள் குறைவு. படித்தவர்கள் கேட்கிறார்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கேட்கிறார்கள். கேள்வி மாதிரி ஆரம்பித்து, நான் வாய் திறப்பதற்குள் அதுவே தீர்ப்பாகிவிடுகிறது. கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. அந்தத் தீர்ப்பு தப்பு. சட்டத்தை வைத்துப் பார்த்தாலும், வைஃபை வேலை செய்யும் விதத்தை வைத்துப் பார்த்தாலும் தப்பு.

சட்டத்திலிருந்தே தொடங்குகிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43. ஒரு கணினிக்குள்ளோ கணினி வலையமைப்புக்குள்ளோ அதன் உரிமையாளர் அல்லது பொறுப்பாளரின் அனுமதி இல்லாமல் நுழைந்தால் இழப்பீடு தர வேண்டும் என்கிறது அது. வலையமைப்பு எது என்று விளக்கும் இடத்தில் கம்பியில்லா இணைப்பையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். அனுமதி இருந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. பூட்டு இருந்ததா என்று அந்தப் பிரிவு கேட்கவே இல்லை. இதையே நேர்மையற்ற நோக்கத்தோடு அல்லது மோசடியாகச் செய்தால் பிரிவு 66 வரும்: 3 ஆண்டு வரை சிறை, அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பக்கத்து வீட்டு வைஃபையில் ஸ்கோர் பார்த்தவரை நாளைக்கே பிடித்து உள்ளே போடுவார்கள் என்று நான் பயமுறுத்த வரவில்லை. "சட்டத்துல ஒண்ணும் இல்ல சார்" என்று மட்டும் இனி யாரும் சொல்ல வேண்டாம்.

வெளிநாடுகளில் ஆளைப் பிடித்தே இருக்கிறார்கள். லண்டனில் ஒருவர் அடுத்தவர் வைஃபையைப் பயன்படுத்தியதற்காக 2005இல் 500 பவுண்டு அபராதம் கட்டினார். சிங்கப்பூரில் அக்கம்பக்கத்து இணைப்பில் நுழைந்த 17 வயதுப் பையனுக்கு 2007இல் 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு. அதே ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒருவர் காபிக் கடைக்கு வெளியே காரில் உட்கார்ந்தபடி கடையின் வைஃபையைப் பயன்படுத்தி மாட்டினார். 400 டாலர் அபராதம், 40 மணி நேரச் சமூக சேவை. கடைக்குள் போய் ஒரு காபி வாங்கியிருந்தால் வழக்கே இல்லை.

"அந்தக் காலத்துல திண்ணை மாதிரிதானே இது? வழிப்போக்கன் உக்காந்துட்டுப் போனா என்ன?" என்று ஒரு பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி, பதில் சொல்லியாக வேண்டும். வெளியாள் உட்காரட்டும் என்றே வாசலில் கட்டியது திண்ணை. உட்கார்ந்தவர் யாரென்று வீட்டுக்காரர் கண்ணுக்குத் தெரியும். மழை விட்டதும் அவர் எழுந்து போய்விடுவார். ரவுட்டர் இருப்பது கூடத்துக்குள். அதில் நுழைந்தவர் முகம் யாருக்கும் தெரியாது, மாதக்கணக்கில் எழுந்து போவதும் இல்லை. உண்மையிலேயே திண்ணை கட்டுகிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். பாதுகாப்பு நிபுணர் புரூஸ் ஷ்னையர் தன் வீட்டு வைஃபையை வேண்டுமென்றே திறந்து வைத்திருப்பதாக 2008இல் எழுதினார். இணைய உரிமைகளுக்காகப் பேசும் எலெக்ட்ரானிக் ஃபிரான்டியர் பவுண்டேஷன் 2012இல் தொடங்கிய இயக்கத்தில் சேருகிறவர்கள், பொதுவுக்கென்று விட்ட இணைப்பின் பெயரையே 'ஓப்பன்வயர்லெஸ் டாட் ஆர்க்' என்று வைக்கிறார்கள். கொடுக்க நினைப்பவர் இப்படி எழுதி வைத்துக் கொடுக்கிறார். ரவுட்டர் கம்பெனி பெயரும் நாலு எண்ணுமாக நிற்கும் இணைப்பு யாரையும் அழைக்கவில்லை. அந்த வீட்டில் யாருக்கும் செட்டிங்ஸ் தெரியாது, அவ்வளவுதான். பெரும்பாலும் அங்கே வயதானவர்கள் இருப்பார்கள்.

அடுத்து, எனக்கு அதிகம் கோபம் வரவைக்கும் வசனம்: "அவங்களுக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?"

குறைகிறது. எப்படி என்று சொல்கிறேன், இது என் தொழில். வைஃபையில் பொதுவாக ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும். மற்றவை காத்திருக்க வேண்டும். வாய்ப்பு ஏறக்குறைய எல்லாக் கருவிக்கும் சமமாகவே கிடைக்கும். ஆனால் கிடைத்த வாய்ப்பில் எவ்வளவு நேரம் பிடித்துக்கொள்கிறது என்பது சிக்னலைப் பொறுத்தது. 1,500 பைட் கொண்ட ஒரு பாக்கெட்டை அனுப்ப, ரவுட்டருக்குப் பக்கத்தில் 300 எம்பிபிஎஸ் வேகத்தில் இருக்கும் கருவிக்கு சுமார் 40 மைக்ரோ விநாடி போதும். இரண்டு சுவர் தாண்டிக் கீழ் வீட்டில் 6 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்ட போனுக்கு அதே பாக்கெட்டுக்கு 2,000 மைக்ரோ விநாடி வேண்டும். ஐம்பது மடங்கு. அந்த நேரம் முழுக்கப் பணம் கட்டியவரின் கருவிகள் வாயை மூடிக்கொண்டு நிற்கின்றன. பிரான்ஸில் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் 2003இலேயே இதை அளந்து காட்டினார்கள்: மெதுவான ஒரு கருவி உள்ளே வந்தால் வேகமான கருவிகள் அத்தனையும் அதன் மட்டத்துக்கு இழுபடுகின்றன. நல்ல ரவுட்டர்களில் இதைச் சரிக்கட்ட ஏற்பாடு உண்டு. இணைப்போடு இலவசமாகத் தரும் பெட்டியில் அதை எதிர்பார்க்காதீர்கள்.

ஆக, எட்ட இருந்து ஓசியில் எடுப்பவர்தான் அதிகம் கெடுக்கிறார். பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் இதை நேரில் பார்த்தேன். வெளிநாட்டில் இருக்கும் மகளோடு வீடியோ காலில் பேசும்போதெல்லாம் படம் உறைந்துபோகும். கஸ்டமர் கேரில் சொன்னதைக் கேட்டு அதிக விலை பிளானுக்கும் மாறிவிட்டார். பலனில்லை. ரவுட்டர் பக்கத்தைத் திறந்து இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைக் காட்டினேன். அதில் ஒரு ஸ்மார்ட் டிவி இருந்தது. அவர் கூடத்தில் இருந்ததோ பின்பக்கம் புடைத்த பழைய டிவி. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "தம்பி, இது யாரோடது?" பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் கீழ் வீட்டுப் பெண் மாடி ஏறி வந்து, "ஏன் ஆன்ட்டி, வைஃபை வேலை செய்யலையா?" என்று கேட்டாராம். இத்தனை நாள் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பயன்படுத்தியிருந்தால் அந்த அம்மாவே சிரித்த முகத்தோடு கொடுத்திருப்பார்.

வேகம் போவதைவிடப் பெரிய கேடு ஒன்று உண்டு. வீட்டுக்குள் பத்துக் கருவி இருந்தாலும் வெளியே இணையத்தில் தெரியும் முகவரி ஒன்றுதான், அது சந்தாதாரர் பெயரில் இருக்கிறது. 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடம் முன்பு ஊடகங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. போலீசார் அதன் முகவரியைப் பிடித்துக்கொண்டு போய் நின்ற இடம், நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீடு. அவருக்கும் அந்த மெயிலுக்கும் சம்பந்தம் இல்லை. பாதுகாப்பு இல்லாத அவர் வைஃபைக்குள் யாரோ புகுந்து அனுப்பியிருந்தார்கள். அது தெளிவாவதற்குள் கணினி போனது, விசாரணை, ஊர் முழுக்கப் பத்திரிகையில் பெயர். செப்டம்பரில் டெல்லி குண்டுவெடிப்பின்போது வந்த மெயிலும் அப்படித்தான், மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபை வழியே போயிருந்தது. அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் 2011இல் அதிகாலையில் ஒரு வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு அதிகாரிகள் துப்பாக்கியோடு நுழைந்தார்கள். அந்த வீட்டு வைஃபை வழியே குழந்தைகளின் ஆபாசப் படங்களை இறக்கியது பக்கத்து வீட்டுக்காரர் என்பது பிறகுதான் தெரிந்தது.

"நான் அந்த மாதிரி ஆள் இல்லையே" என்பீர்கள். இருக்கலாம். ஆனால் பட்டியலில் தெரியாத கருவி ஒன்று எப்போதும் இருப்பது சகஜம் என்று அந்த வீட்டைப் பழக்கிவிட்டது நீங்கள்தான். உண்மையான கயவன் வரும்போது அவனும் அந்தக் கூட்டத்தில் ஒருவனாக மறைந்துகொள்கிறான்.

மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. "என் வீட்டுக்குள்ள வர்ற அலை என்னுது" என்கிறார்கள். அலை வருவதோடு நிற்கவில்லையே. உங்கள் போன் திரும்பப் பேசி, அவர் காசு கட்டிய இணைப்பில் வேலை வாங்குகிறது. "வாட்ஸ்அப் மட்டும்தான்" என்பதும் பொய். வைஃபை கிடைத்ததும் போன் தானாகவே ஆப் அப்டேட்டையும் போட்டோ பேக்கப்பையும் ஆரம்பித்துவிடும். பெயரை மறைத்துவிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று நம்பும் உரிமையாளர்களே, உங்கள் போன் இணையும்போதெல்லாம் அந்தப் பெயரைக் காற்றில் சொல்கிறது, இலவச மென்பொருள் அதைப் பிடித்துவிடும். டபிள்யூ.இ.பி. என்ற பழைய பூட்டு 2001லேயே உடைபட்டது. அதை நம்பியிருப்பதும் திறந்து வைப்பதும் ஒன்றுதான். ஓசி வைஃபையில் தன்னை யாரும் பார்க்க முடியாது என்று நினைப்பவருக்கு: பாஸ்வேர்டு இல்லாத இணைப்பில் பொதுவாகக் காற்றில் மறையாக்கமே இல்லை. வங்கித் தளம் போன்றவை தங்கள் பூட்டைத் தாங்களே போட்டுக்கொள்கின்றன, ஆனால் எந்தெந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பதைப் பெரும்பாலும் அறிய முடியும்.

போன் தானாகப் போய் ஒட்டிக்கொண்டால் அது உங்கள் குற்றமில்லை. பார்த்த பிறகும் விடாமல் வைத்திருப்பதுதான் குற்றம். இணைப்பை மறக்கச் சொல்லும் பொத்தான் எல்லாப் போனிலும் இருக்கிறது.

இணைப்பு இல்லாதவர் என்ன செய்வது? கேட்க வேண்டும். "அக்கா, பையனுக்குப் பரீட்சை, பத்து நாளைக்கு பாஸ்வேர்டு தர்றீங்களா?" என்று கேட்பதில் என்ன கௌரவக் குறைச்சல்? கொடுக்கிறவர் தன் வீட்டு பாஸ்வேர்டையே கொடுக்காமல் கெஸ்ட் நெட்வொர்க்கைத் திறந்து கொடுக்கட்டும். அப்படிச் செய்தால் வீட்டுக் கணினியும் கேமராவும் தனியே இருக்கும். வெளியே தெரியும் முகவரி அப்போதும் உங்களுடையதுதான், ஆகவே நன்றாகத் தெரிந்தவருக்கு மட்டும். வளாகத்துக்கு வெளியே பகிரவோ விற்கவோ கூடாது என்று பல நிறுவனங்களின் ஒப்பந்தத்தில் வரி இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடிச் சங்கங்களுக்கு நான் போகிற இடமெல்லாம் சொல்வதை இங்கேயும் சொல்கிறேன். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை பி.எம்.-வாணி திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. டீக்கடைக்காரரோ சங்கமோ உரிமம் இல்லாமல், பதிவுக் கட்டணம் இல்லாமல் பொது வைஃபை நடத்தலாம். பயன்படுத்துகிறவர் தன் போன் எண்ணை ஓடிபி மூலம் உறுதி செய்துவிட்டுத்தான் உள்ளே வருவார், எனவே யாரோ செய்ததற்கு உங்கள் கதவை யாரும் தட்ட வேண்டாம். இதற்கான இணைப்புக்கு வீட்டுக் கட்டணத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2025இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் வரம்பும் வைத்துவிட்டது. வாட்ச்மேனும், வீட்டு வேலைக்கு வரும் பெண்களும், பார்சல் கொண்டுவரும் பையன்களும் படிக்கட்டில் சிக்னல் தேடி நிற்கிறார்கள். லிஃப்ட்டுக்கு கிரானைட் ஒட்டச் செலவழிக்கும் சங்கம் கீழ்த்தளத்தில் ஒரு பெட்டி வைக்க மாட்டேன் என்கிறது.

இணைப்பு கொடுக்க வரும் என் சக தொழிலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. தம்பிகளே, வாடிக்கையாளரின் மொபைல் எண்ணையே பாஸ்வேர்டாகப் போட்டுவிட்டு வருவதை நிறுத்துங்கள். அந்த எண் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். ஐந்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்து, டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 பூட்டை வைத்து, வீட்டுக்காரரே சொல்லும் நீளமான ஒரு வாக்கியத்தைப் போட்டு, அதைத் தாளில் எழுதி அவர் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.