வாங்கிய லோச் குஞ்சு எந்த இனம்?

வண்ணமீன் கடைகளில் ‘லோச்’ என்று பொதுப்பெயரில் விற்கும் விரல் நீளக் குஞ்சுகள் எல்லாம் ஒன்றல்ல. நம் குழம்புச் சட்டிக்கு வரும் அயிரையும் இந்த வகையறாதான்.

முதலில் வாயைப் பாருங்கள். மீசை இல்லாமல், உறிஞ்சுவாயால் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் அது லோச்சே அல்ல. பாசி தின்னும் வேறு மீன்.

அடுத்தது பட்டைகள். ஆரஞ்சு உடலில் மூன்று அகலமான கறுப்புப் பட்டைகள், முதல் பட்டை கண் வழியே இறங்கினால் கிளவுன் லோச். சுமத்ரா, போர்னியோ மீன். இப்போது 5 செ.மீ. இருக்கும்; பிறகு 20 செ.மீ.யைத் தாண்டும், சிறு தொட்டிக்கு வேண்டவே வேண்டாம். மெல்லிய கோடுகள் நெருக்கமாக இருந்தால் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஜீப்ரா லோச். இயற்கையில் அழியும் நிலையில் உள்ள இனம். குழப்புவது யோயோ லோச்தான். வெள்ளி உடலில் ஆங்கில ‘ஒய்’, ‘ஓ’ எழுத்துகள் போன்ற கோலம் குஞ்சில் தெளிவாக இருக்கும், வளர வளரக் கலைந்து வலைப்பின்னலாகிவிடும். ஆகவே பெரிய மீனின் படத்தோடு குஞ்சை ஒப்பிடாதீர்கள்.

சண்டையிலும் மிரட்சியிலும் நிறம் வெளிறும். வாங்கி வந்த அன்றே முடிவுகட்டாமல், மீன் அமைதியானதும் பக்கவாட்டில் படம் எடுங்கள்.

பிடிக்க வலை வேண்டாம், கண்ணுக்குக் கீழுள்ள முள் சிக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் டப்பாவே நல்லது.