பழைய வீட்டோடு அறை சேர்க்கும் முன்: வானம் தோண்டுவது பற்றிச் சில விளக்கங்கள்



மகளின் நிக்காஹுக்கு முன் ஓர் அறை, மருமகள் வந்தால் ஓர் அறை என்று நம் தெருக்களில் வீடுகள் கொல்லைப் பக்கமாக நீண்டுகொண்டே போகின்றன. நகையை அடகு வைத்துக் கட்டியவர்களும் உண்டு. வீடு பழுதுபார்க்க உதவி கேட்டு நம் டிரஸ்ட்டுக்கு வரும் மனுக்களில் ஒரே குறை திரும்பத் திரும்ப வருகிறது: அறை கட்டி ஒரு மழைக்காலம்கூட முழுதாகக் கழியவில்லை, பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழ்வரை விரிசல். பூச்சு சரியில்லை என்று கொத்தனாரைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் கோளாறு மண்ணுக்குள் இருக்கிறது.

பழைய வீடு பல வருடங்களாகத் தன் பாரத்தால் மண்ணை அழுத்தி அமர்ந்துவிட்டது. புது அறை இனிமேல்தான் அமரும். இரண்டையும் பிணைத்துவிட்டால் ஒன்று நிற்க, மற்றொன்று இறங்க, நடுவில் பிளந்துகொள்ளும். ஆகவே பழைய செங்கலைப் பெயர்த்துப் புதுச் சுவரைக் கோக்காமல், அரை அங்குலம் இடைவெளி விட்டு, தெர்மாகோல் வைத்து, வெளியே தண்ணீர் புகாமல் அடைப்பதே நல்லது.

ஆழத்துக்கு வருவோம். 'மூன்றடி போதும் பாய்' என்ற பேச்சை அப்படியே ஏற்க வேண்டாம். ஐ.எஸ். 1904 என்ற இந்தியத் தரவிதி குறைந்தது 50 சென்டிமீட்டர் என்கிறது; அது நல்ல மண்ணுக்கு. நம் வட்டாரத்தில் செம்மண்ணும் உண்டு, கரிசலும் உண்டு. கரிசல் மண் ஐப்பசி, கார்த்திகையில் நீரைக் குடித்து உப்பும். சித்திரையில் சுருங்கி வெடிக்கும். அந்த வெடிப்பு இறங்கும் ஆழத்தைத் தாண்டி, கடப்பாரை லேசில் இறங்காத கெட்டி மண்ணைத் தொட வேண்டும். கரிசல் மிக ஆழமாகப் போனால், துளையிட்டு அடியைக் குமிழாக அகலப்படுத்திக் காங்கிரீட் நிரப்பும் 'அண்டர் ரீம் பைல்' முறை இருக்கிறது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆய்வு நிறுவனம் வளர்த்தெடுத்த முறை இது, சுமார் 3.5 மீட்டர் வரை இறக்குவார்கள். செலவு மிச்சம் என்று தோண்டிய கரிசலையே அறைக்குள் கொட்டி நிரப்பாதீர்கள், தரை எழும்பிவிடும்.

கொல்லையில் இன்னொரு சங்கடம். பழைய கழிவுக்குழி, மூடிய கிணறு எல்லாம் அங்கேதான் இருக்கும். குப்பையும் சாம்பலும் போட்டு நிரப்பிய இடத்தின்மேல் சுவர் எழுப்பவே கூடாது. வீட்டுப் பெரியவர்களிடம், முக்கியமாக வாப்பும்மா, உம்மும்மாவிடம் கேளுங்கள். எந்த வரைபடத்திலும் இல்லாத குழி அவர்கள் நினைவில் இருக்கும்.

பழைய சுவரை ஒட்டித் தோண்டுவதுதான் உயிருக்கே ஆபத்தான வேலை. முதலில் ஓரிடத்தில் சிறு குழி வெட்டி, பழைய கடைக்கால் எங்கே முடிகிறது என்று பாருங்கள். அதற்குக் கீழே போகக் கூடாது. போக வேண்டியிருந்தால், ஓர் அடி கூடுதல் ஆழத்துக்கு இரண்டடி விலகித் தோண்டுங்கள். விலக இடமில்லாவிட்டால் பொறியாளர் இல்லாமல் கை வைக்காதீர்கள். அப்போதும் சுவர் நீளம் முழுவதையும் ஒரே நாளில் திறக்காமல், நாலடி நாலடியாக, ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டிக் கட்டி வர வேண்டும். ஜே.சி.பி.யை அங்கே விடவே வேண்டாம். குழி 5 அடியைத் தாண்டினால் பக்கங்களுக்குப் பலகை முட்டுக் கொடுங்கள். தோண்டிய மண்ணைக் கரையிலேயே குவிக்காமல் 5 அடி தள்ளிப் போடுங்கள். ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். சரிந்தால் உள்ளே நிற்பவர் கூலிக்கு வந்த யாரோ ஒருவரின் பிள்ளை.

சுவர் பக்கத்து வீட்டோடு பொதுவாக இருந்தால், தோண்டும் முன்பே அவர்களிடம் சொல்லி, அவர்கள் சுவரில் ஏற்கெனவே இருக்கும் விரிசல்களைச் சேர்ந்து பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அண்டை வீட்டாரின் ஹக் இதிலும் அடங்கும். பின்னால் வரும் பஞ்சாயத்தும் குறையும்.

பேரூராட்சி அனுமதி வாங்கி, தை பிறந்தபின் வேலையைத் தொடங்குவது வசதி. வானம் தோண்டி முடிந்ததும் ஒரு பொறியாளரை அழைத்துக் குழியைக் காட்டுங்கள். ஒரு மூட்டை சிமெண்டைவிட அது பயனுள்ள செலவு. அவர் பார்த்ததும் தாமதிக்காமல் காங்கிரீட் போட்டுவிடுங்கள். இடையில் மழை பெய்தால் தண்ணீரை இறைத்து, அடியில் ஊறிய சேற்றைச் சுரண்டி எடுத்த பிறகே ஜல்லி இறங்க வேண்டும்.