தோல்வியைத் திருத்திக்கொண்ட நம் காற்பந்துக் குழு

கூலிம் வட்டாரத்தில் இன்று ரப்பர்த் தோட்டங்களும் தொழிற்சாலைகளும் அருகருகே உள்ளன. 1996ஆம் ஆண்டில் கூலிம் ஹைடெக் பூங்கா திறக்கப்பட்ட பின்னர், தந்தை பால் வெட்டச் செல்ல, மகன் தொழிற்சாலைக்குச் செல்லும் குடும்பங்கள் பல தோன்றின. தொழில் வேறாயினும், மாலையில் தோட்டத்துத் திடலில் பந்து உருளத் தொடங்கினால் இருவரும் அங்கே கூடிவிடுகின்றனர். காற்பந்தின்மீது இத்துணை ஆர்வம் கொண்ட நாம், நம் தேசியக் குழு 2010இல் பெற்ற வெற்றியிலிருந்து ஒரு பாடத்தைக் கற்றுக்கொள்ளலாம்.

அவ்வாண்டு டிசம்பர் 1ஆம் நாள் ஜகார்த்தாவில் சுசுகி கிண்ணப் போட்டியில் நம் குழுவின் முதல் ஆட்டம் நடைபெற்றது. தென்கிழக்காசிய நாடுகளின் வெற்றியாளர் யார் என்பதை முடிவுசெய்யும் போட்டி அது. அதில் நம் குழு இந்தோனேசியாவிடம் 1-5 என்ற கோல் கணக்கில் தோல்வியுற்றது.

குழுவின் பயிற்றுநர் திரு. கே. ராஜகோபால், முன்னாள் தேசிய ஆட்டக்காரர். 2009இல் லாவோசில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் நம் இளைஞர் குழுவை வழிநடத்தி, 20 ஆண்டுகளுக்குப் பின் நாட்டிற்குக் காற்பந்துத் தங்கம் பெற்றுத் தந்தவர். அவ்விளைஞர்களுள் பலரையே அவர் சுசுகி கிண்ணத்திற்கும் நம்பி அழைத்துச் சென்றார். எஸ். குணாளன் என்னும் நம் இளைஞரும் அக்குழுவில் இருந்தார்.

தோல்விக்குப் பின் நிகழ்ந்தவற்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம். தாய்லாந்துடன் 0-0, லாவோசுடன் 5-1. அரையிறுதியில் வியட்நாமுடன் சொந்த மண்ணில் 2-0, ஹனோயில் 0-0. டிசம்பர் 26ஆம் நாள் புக்கிட் ஜாலில் அரங்கில் இறுதிச்சுற்றின் முதல் ஆட்டம். எதிரணி, அதே இந்தோனேசியா! சாஃபி சாலி இரண்டும் அஷாரி சம்சுடின் ஒன்றுமாகக் கோல் அடிக்க, 3-0 என நம் குழு வென்றது. ஒரே ஆட்டத்தில் 5 கோல்களை விட்டுக்கொடுத்த குழு, அடுத்த 5 ஆட்டங்களில் விட்டுக்கொடுத்தது 1 கோல் மட்டுமே. குறை எங்கே இருந்ததோ அங்கேயே அது திருத்தப்பட்டது.

அன்று பார்வையாளர் சிலர் எதிரணி வீரர்மீது லேசர் ஒளி பாய்ச்சியதால் ஆட்டம் சில நிமிடங்கள் தடைப்பட்டது. இது நமக்குப் பெருமை தருவதன்று. ஆடுவோருக்குரிய ஒழுங்கு பார்ப்போருக்கும் வேண்டும்.

டிசம்பர் 29ஆம் நாள் ஜகார்த்தாவில் நம் குழு 1-2 எனத் தோற்றது. எதிரணியின் பெனால்டி உதையைக் கோல் காவலர் கைருல் ஃபாமி தடுத்தார். இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கில் 4-2 என நம் நாடு முதன்முறையாக அக்கிண்ணத்தை வென்றது. 5 கோல்கள் அடித்த சாஃபி சாலி போட்டியிலேயே மிகுதியான கோல்களை அடித்தவரானார். டிசம்பர் 31ஆம் நாள் பொது விடுமுறையாக அறிவிக்கப்பட்டது.

பால் வெட்டும் நமக்கு இப்பாடம் புதிதன்று. கத்தி ஆழப் பாய்ந்து மரத்தில் காயம் விழுந்தால், நாம் மரத்தை வெறுப்பதில்லை. கத்தியை எறிந்துவிடுவதும் இல்லை. மறுநாள் வெட்டும் ஆழத்தைத் திருத்திக்கொள்கிறோம். தேர்வில் தவறிய பிள்ளையையும் ஆட்டத்தில் தோற்ற பிள்ளையையும் இவ்வாறே நடத்துவோமாக. ஏசுவதை விடுத்து, எங்கே தவறியது என்று அமர்ந்து கேட்போம். மாலையில் ஒரு மணி நேரம் அவர்களைத் திடலுக்கு அனுப்புவோம். இயன்றால் நாமும் உடன் செல்வோம்.